ஓஸின் மறுமுனை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன வாரம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். நட்டு கழற்ற ஏர் கன் நல்லதா, பேட்டரி கன் நல்லதா? ஒருவர் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் இரண்டு கன்னாலும் நட்டு கழற்றுகிறார். எது முந்துகிறது என்று அதற்குக் கீழே ஊர்ப்பட்ட பேர் சண்டை போடுகிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இது ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை என்பதை நான் ஒரு மதியத்தில் தெரிந்துகொண்டேன். அந்த மதியத்தைத்தான் எழுதித் தருகிறேன். மேடையில் பேச எனக்கு வராது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் மீதி புரியும். விம்கோ நகரில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். எண்ணூர் சாலையில் லாரி டயர் கழற்றினேன். அங்கிருந்து விசாகப்பட்டினம், காண்ட்லா, சூரத், இடையில் இரண்டு வருஷம் வளைகுடா. ஏஜெண்டு பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டதால் அதில் எட்டு மாதம் கூடுதலாக இருந்தேன். டிரெய்லருக்கு அடியில் படுத்திருக்கிறேன். மலேரியா காய்ச்சலோடு நட்டு முறுக்கியிருக்கிறேன். வளைகுடாவைத் தவிர எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. கால் ஓரிடத்தில் தரிக்காது. அதனால்தான் பேட்டரி கன் வந்தவுடன் அதன் பக்கம் சாய்ந்தேன். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். கம்ப்ரசர் வேண்டாம், அதிலிருந்து காற்று கொண்டுவரும் ஓஸ் வேண்டாம், யார் வாசலிலும் போய்க் காற்றுக்கு நிற்க வேண்டாம்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகள் திருவொற்றியூரில் வரிசை கட்டி நின்ற ஒரு நாள், நடு வரிசையில் ஒரு டிரெய்லரின் பின் சக்கரம் இறுகிவிட்டது. பின்னால் நூறு வண்டி ஹாரன் அடிக்கிறது. கம்ப்ரசர் வண்டி உள்ளே வர வழியில்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து போய், பத்து நட்டையும் கழற்றி, வரிசையை நகர்த்திவிட்டேன். அந்த டிரைவர் என் கன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லியே திரிந்தேன்.

அடுத்த மாதம் வள்ளூர் பக்கம் ஒரு வேலை. உயரத்தில் வரிசையாக போல்ட்டுகள். பாதி முடிவதற்குள் என் இரண்டு பேட்டரியும் தீர்ந்தன. மூன்றாவது வெயிலில் சூடாகி ஓட மறுத்தது. ஏர் கன் வைத்திருந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய், முடித்து, கீழே இறங்கி டீயும் குடித்துவிட்டார்கள். ஏர் கன்னுக்குக் களைப்பு கிடையாது. எடை குறைவு, விலை குறைவு, கீழே விழுந்தாலும் ஓடும். இன்னொன்றும் உண்டு. அதற்குள் மின்சாரம் இல்லை, எனவே மோட்டார் தீப்பொறி இல்லை. பேட்டரி கன்னுக்குள் மோட்டார் இருக்கிறது. அதனால்தான் எரிகிற வாயு இருக்கும் தொழிற்சாலைகளில் அதைத் தனி பெர்மிட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். இந்த விதி நல்ல விதி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மதியம்.

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பார்கள். ஷட்டவுன் என்பது அதுதான். எங்கள் பங்கில் ஒரு இரும்புக் கலன் வந்தது. படுக்கை வாட்டத்தில் கிடக்கும், முப்பது அடி நீளம், உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம். இரண்டு கோடியிலும் ஆள் நுழைகிற வாய் உண்டு, மேன்ஹோல். உள்ளே வரிசையாகத் தடுப்புத் தகடுகள். அவற்றின் போல்ட்டுகளைக் கழற்றி மாற்ற வேண்டும். ஒரு கோடி மேன்ஹோலை மட்டும் திறந்திருந்தோம். மறுகோடி மூடிக்கு இருபது போல்ட். திறந்தால் திரும்ப மூட வேண்டும், கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாகப் போட வேண்டும். ஒரு வாசல் போதும் என்று விட்டுவிட்டோம். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

உள்ளே போனவர் சேவியர். ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில், அண்ணன் ரயில்வேயில். இவர் மட்டும் ஏர் கன்னைக் கல்யாணம் செய்துகொண்டவர். வெளியே காவல் நின்றது அவருடைய மனைவியின் தம்பி அந்தோணி. உள்ளே ஆள் இருக்கும்வரை அந்த வாயை விட்டு நகராமல் நிற்பது அவன் வேலை. வெளி வேலைகளை நான் பார்த்தேன்.

காலையில் என் பையைக் காவல் அறையில் ஒப்படைத்தபோதே சேவியர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா நைனா, டார்ச் லைட்டை உள்ள வுடலியா?"

"அது டார்ச் லைட்டா? திருவொத்தியூர்ல கேட்டுப் பாரு."

"சார்ஜ் போட்டு வச்சிக்கினு குந்தறதுக்கு அது கன்னா, செல்போனா? பாரு, நம்மளுது. காத்து கீது, ஓடிக்கினே கீது."

"உன் கன்னுக்கு வாலு நீளம் சேவியரு. எவனாவது வாலை மிதிச்சா நின்னுடும்."

"மிதிக்கிறவன் மூஞ்சில அடிப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சிரித்துக்கொண்டேதான் போனார். பாதுகாப்பு அதிகாரியான மேடம் அதற்கு முன்பே மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்திருந்தார். சின்ன வயதுப் பெண், தர்மபுரிப் பக்கம். எரிகிற வாயு பூஜ்யம். ஆக்சிஜன் வெளிக்காற்றில் இருக்கிற அளவே, இருபத்தொரு சதவீதத்துக்குக் கிட்டத்தில். எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில் நம் ஆட்களிடம் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மே மாத எண்ணூர் வெயிலில் இரும்புக் கலனுக்குள் நிற்பது அடுப்புக்குள் நிற்பது மாதிரி. ஓஸில் வருகிற காற்று ஏர் கன்னைச் சுழற்றிவிட்டு அதன் கைப்பிடி வழியாக வெளியே வரும். சில்லென்று வரும். அதனால் இரண்டு போல்ட்டுக்கு ஒரு முறை கன்னை நட்டில் வைக்காமல், கைப்பிடியை முகத்துக்கும் கழுத்துக்கும் காட்டிக்கொண்டு விசையை அழுத்துவோம். எங்களுக்கு அதுதான் ஃபேன். நானும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

"ஏசி போட்ட மாதிரி கீது நைனா" என்று உள்ளிருந்து சேவியரின் குரல் வரும். "வூட்ல கூட இந்தக் காத்து கெடைக்காது."

அந்தப் பழக்கத்தை நம்பி நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மேன்ஹோலில் காற்றடிக்கும் ப்ளோவர் ஒன்று வைத்திருந்தோம். பக்கத்துக் கலனில் எம்.கே.பி. நகர்க்காரர்கள் இரண்டு பேர் வேலை. அவர்களுடைய ப்ளோவர் கெட்டுவிட்டது. ஒரு மணி நேரம் கொடு என்று கேட்டார்கள். உள்ளேதான் கன் காற்று வருகிறதே, இது எதற்கு என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன். ஏதாவது ஆனால் இழுத்தெடுக்கச் சேவியர் இடுப்பில் கட்டியிருந்த கயிறும் அதற்குள் வெளியே வந்துவிட்டது. கயிறும் ஓஸும் தகடுகளுக்கு நடுவில் பின்னிக்கொள்கின்றன என்று அவரே அவிழ்த்து அந்தோணியிடம் நீட்டினார். நான் பார்த்தேன். தடுக்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் காற்றின் வேகம் குறைந்தது. ஷட்டவுனில் இது வழக்கம். எல்லாக் குழுவும் ஒரே குழாயில் ஓஸை மாட்டினால் யாருக்கும் வேகம் இருக்காது.

"பிரஷரே இல்ல நைனா" என்றான் அந்தோணி. "மாமா உள்ளர கத்தினு கீது."

நான் வேறு ஒரு பைப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பாமலே சொன்னேன்: "எதுல நல்லா வருதோ அதுல மாட்டு."

அந்த வாக்கியம் என்னுடையது. அந்தோணியுடையது அல்ல. பின்னால் விசாரணையிலும் அப்படியே சொன்னேன்.

அந்தோணி ஓஸைப் பிடுங்கி, அடுத்த தூணில் இருந்த முனையில் மாட்டிவிட்டு வந்தான். கன் மறுபடி உறும ஆரம்பித்தது. சேவியர் உள்ளிருந்து சந்தோஷமாக ஏதோ கத்தினார். நாலைந்து போல்ட்டுகள் வேகமாகக் கழன்ற சத்தம் கேட்டது. பிறகு கன் நட்டில்லாமல் வெறுமனே சுற்றுகிற சத்தம். முகத்துக்குக் காட்டிக்கொள்கிறார். பிறகு சத்தம் நின்றது.

கலனுக்கு உள்ளே இருப்பவரோடு பேச எங்களுக்கு ஒரு முறை இருந்தது. வெளியே இருப்பவர் ஸ்பானரால் இரும்பில் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு திருப்பித் தட்டினால் எல்லாம் நலம். அந்தோணி இரண்டு தட்டினான். உள்ளிருந்து ஐந்து வந்தது. ஒன்று பலமாக, இரண்டு லேசாக, நிறுத்தி, மறுபடி இரண்டு.

அந்தோணி சிரித்தான். "மாமா மோளம் அடிக்குது நைனா. சோறு கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேவியர் கிண்டல் பேசுகிற ஆள், ஆனால் தட்டுவதில் விளையாடமாட்டார். குடித்தவன் தாளம் போடுவது மாதிரி இருந்தது அந்தத் தட்டு. அவர் குடித்திருக்கவில்லை. நான் நிமிர்ந்து ஓஸைப் பார்த்தேன். காலையில் இடப்பக்கத் தூணுக்குப் போன ஓஸ், இப்போது வலப்பக்கம் வளைந்து போயிருந்தது.

"எங்கடா மாட்டின?"

"அந்தாண்ட தூண்ல. செம பிரஷரு. எல்லாம் ஒரே லைன்தான?"

ஒரே லைன் இல்லை. அந்தத் தூணில் வருவது நைட்ரஜன். குழாய்களைக் கழுவி உலர்த்தவும், வாயு தீப்பிடிக்காமல் இருக்கவும் வைத்திருப்பது. காற்றுக்கும் அதற்கும் நிறமில்லை, மணமில்லை. கன்னுக்கும் வித்தியாசம் தெரியாது. எதைக் கொடுத்தாலும் சுற்றும். இரண்டு குழாய்க்கும் வேறு வேறு அமைப்பில் முனை இருக்க வேண்டும், ஒன்றின் ஓஸ் மற்றொன்றில் ஏறவே கூடாது. எப்போதோ யாரோ வசதிக்காக ஒரே மாதிரி மாற்றியிருந்தார்கள். குழாயில் அடித்திருந்த வண்ணப் பட்டையைக் கடல் உப்புக் காற்று தின்றுவிட்டது. போதாததற்கு நானும் எதில் நன்றாக வருகிறதோ அதில் மாட்டு என்று சொல்லியிருக்கிறேன். சேவியர் அந்த நைட்ரஜனைச் சில்லென்று இருக்கிறது என்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"போய் அந்த வால்வை மூடு. ஓடு" என்றேன். அந்தோணி ஓடினான். எதற்கு என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை.

நான் மேன்ஹோலுக்குள் தலையை விடாமல் டார்ச்சை மட்டும் நீட்டிப் பார்த்தேன். கடைசித் தகட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பூட்ஸ் தெரிந்தன. அசையவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. நான் போட்ட கூச்சலில் மேடம் மீட்டரோடு ஓடி வந்தார். மேன்ஹோல் வாயில் அதை நீட்டிப் பார்த்துவிட்டு, "இங்கயே பதினாலுதான் காட்டுது. உள்ள இன்னும் கம்மியா இருக்கும்" என்றார்.

அதற்குள் வால்வை மூடிவிட்டு வந்த அந்தோணிக்குப் புரிந்துவிட்டது. அவன் நேராக மேன்ஹோலுக்குள் பாய்ந்தான். பாதி உடம்பு உள்ளே போய்விட்டது. நான் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். கீழே விழுந்தவன் எழுந்து என் மார்பில் ஒரு குத்து விட்டான்.

"வுடுயா. எங்க அக்கா புருசன்யா அது."

"உங்க அக்கா இன்னைக்கு ஒரு ஆளுக்கு அழணுமா, ரெண்டு ஆளுக்கா?"

"அதுக்குன்னு பாத்துக்கினு நிக்கவா சொல்ற?"

"நிக்காத. நீ உள்ள போனா பத்தடி தாண்டமாட்ட. உன்னையும் சேர்த்து இழுக்கணும். நான் சொல்றதச் செய். ப்ளோவர எடுத்தா."

அவன் என்னை ஒரு நொடி முறைத்தான். பிறகு பக்கத்துக் கலனை நோக்கி ஓடினான். நம் தொழிலில் கலனுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், அடுத்து சாகிறவர் பெரும்பாலும் காப்பாற்றப் போனவர்தான். பாசம் அதிகமுள்ளவர் முதலில் போவார். இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒருவர் என்றாவது ஒரு பெல்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டி வரும். குத்து விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.

சேவியர் கிடந்த இடம் திறந்த வாயிலிருந்து இருபத்தெட்டு அடி. ஆனால் மூடிய மேன்ஹோலிலிருந்து இரண்டு அடி. அந்த மூடியைத் திறந்துவிட்டால் வெளியே நின்றே கையை நீட்டி எடுக்கலாம். இருபது போல்ட். ஸ்பானரால் என்றால் அரை மணி. ஏர் கன்னின் ஓஸை மாட்ட இனி எந்த முனையை நான் நம்புவது? அப்போதுதான் என் பை நினைவுக்கு வந்தது.

"மேடம், காவல் ரூம்ல என் பேட்டரி கன் கீது. அத எடுத்தாங்க."

"அண்ணா, இந்த ஏரியாவுக்குள்ள அதுக்கு பெர்மிட் இல்ல."

"உள்ள நைட்ரஜன் மேடம். மனுசனுக்கு மூச்சு இல்லாத எடத்துல நெருப்புக்கு மட்டும் எங்கருந்து மூச்சு? வெளிய எரியிற கேஸ் கீதான்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒரு ஆளை அறைக்குத் துரத்திவிட்டு, மீட்டரோடு மறுகோடி மூடியைச் சுற்றி வந்தார். இணைப்பு, தரை, தலைக்கு மேல், எல்லா இடமும். பை வந்து சேர்ந்த நேரத்தில் நிமிர்ந்து சொன்னார்: "எரியிற கேஸ் சைபர். போடுங்கண்ணா. நான் பொறுப்பு."

இத்தனை ஊர் சுற்றியதில் இந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சொன்ன அதிகாரிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர் விதியை மீறவில்லை என்பதையும் கவனியுங்கள். விதி எதைத் தடுக்க இருக்கிறதோ அது அங்கே இல்லை என்று தன் கையால் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

நட்டைக் கவ்வும் சாக்கெட்டைக் கன்னில் மாட்டினேன். முதல் நட்டு சிணுங்கியது, பிறகு பறந்தது. இரண்டு, மூன்று, நாலு. கடல் பக்கத்து போல்ட்டுகள், துரு. எது நின்றதோ அதோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப் போனேன். ஓடுகிறதை எல்லாம் முதலில் ஓட்டிவிட வேண்டும். பிடிவாதக்காரனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சுற்றில் பதினாறு கழன்றன. பேட்டரி விளக்கு சிமிட்டியது. மாற்றினேன். மறு சுற்றில் இரண்டு வழிக்கு வந்தன. ஒன்றை இறுக்குகிற பக்கமாகவே திருப்பி முறுக்கினேன். போல்ட்டே அறுந்து விழுந்தது. மிச்சம் ஒன்று. கன் அடிக்கிறது, அடிக்கிறது, நட்டு நகரவில்லை.

"தள்ளு நைனா."

அந்தோணி. ப்ளோவரைத் திறந்திருந்த கோடியில் வைத்து ஓடவிட்டுவிட்டு, கையில் பெரிய சுத்தியலும் தடி ஸ்பானரும் எடுத்து வந்திருந்தான். நான் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டேன். அவன் அடித்த முதல் அடியில் என் பல் ஆடியது. மூன்றாவது அடியில் நட்டு கொடுத்தது. மூடி கேஸ்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. உளியை இடுக்கில் வைத்து இன்னொரு அடி. மூடி ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் விட்டு, தன் கீலில் சுழன்று திறந்தது.

மேடம் மீட்டரை நீட்டினார். அந்தக் கோடியிலிருந்து ப்ளோவர் தள்ளிய காற்று இந்த வாய் வழியாக வர ஆரம்பித்திருந்தது. அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பன்னிரண்டு. பதினைந்து. பதினெட்டு. "இப்ப" என்றார். நான் வயிற்றில் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் உள்ளே விட்டு, சேவியரின் தோள் பட்டையைப் பிடித்தேன். என் காலை அந்தோணி பிடித்து இழுத்தான். மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவராக வெளியே வந்து விழுந்தோம்.

சேவியரின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருந்தது, மெலிந்து. மேடம் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்தார். தொழிற்சாலை ஆம்புலன்ஸ் வந்து ஆக்சிஜன் முகமூடியை வைத்தது. நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் நீலம் வெளுத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. முகமூடியைக் கையால் தள்ளிவிட்டு, தலைமாட்டில் நின்ற அந்தோணியைப் பார்த்தார்.

"ஏன்டா அழுவுற? எனுக்கு இன்னாத்துக்குடா சோடா பாட்டில் மூடிய மூஞ்சில வச்சிகீறீங்க?"

"ஒண்ணியும் இல்ல மாமா. தலை சுத்திடுச்சு உனுக்கு."

"அப்ப அந்த மூலைல நாலு போல்ட்டு பாக்கி கீது. நீ உள்ள போயி முடி."

அந்தோணி அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்து முத்தமிட்டான். சுற்றி நின்ற ஆட்கள் கைதட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். மூன்று நாளில் சேவியர் வீடு திரும்பினார். இன்றும் ராயபுரத்தில் நன்றாக இருக்கிறார், இன்றும் ஏர் கன்தான் உசத்தி என்கிறார். அன்று அந்த இடத்தில் மேடம் கடிகாரத்தைப் பார்த்து, முதல் நட்டிலிருந்து மூடி திறந்தது வரை நாலு நிமிஷம் கூட ஆகவில்லை என்றார். ஒருவர் என் முதுகில் தட்டினார். என் பேட்டரி கன்னை யாரோ தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்கள். ஒப்புக்கொள்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அனுபவிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது எங்கள் மேன்ஹோலில் ப்ளோவர் ஓடுகிற சத்தம் காதில் விழுந்தது. இது இங்கே ஓடுகிறது என்றால் பக்கத்துக் கலனில் ஓடவில்லை. அங்கே இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். மதியம் அவர்களுக்கும்தான் காற்று வேகம் குறைந்திருக்கும். அவர்கள் எதில் மாட்டினார்கள்?

யாரிடமும் சொல்ல நேரமில்லை. அவர்கள் மேன்ஹோலுக்கு ஓடினேன். காவல் நின்றவர் ஆம்புலன்ஸைப் பார்க்க வந்துவிட்டிருந்தார். உள்ளே போகும் ஓஸைக் கையில் பிடித்தேன். கண்ணால் பார்த்துப் போனால் ஒரே நிறத்தில் பத்து ஓஸ் கிடக்கும், வழி தவறும். கையால் பிடித்துக்கொண்டே போக வேண்டும். உள்ளங்கைக்குள் அது நழுவ நழுவ ஓடினேன். ஏணிக்கு அடியில், பலகைக்கு அடியில், இரண்டு முறை மண்டியிட்டு, எழுந்து, தூணுக்கு வந்து சேர்ந்தேன். அந்தோணி மாட்டிய அதே தூண். அதற்குப் பக்கத்து முனை. ப்ளோவர் இருந்தவரை அவர்கள் பிழைத்திருக்கிறார்கள். அதை நான் பிடுங்கிவரச் சொல்லிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கலாம். வால்வை இறுக மூடினேன்.

ஆகவே, எந்தக் கன் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். அதன் ஓஸின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று உங்கள் கை அறிந்திருக்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஓஸ் இல்லாத கன் என்றால், அதன் பொறி விழும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்த்தவர் யார் என்று கேளுங்கள். இரண்டுமே நல்ல கன்கள்தான்.

வால்வை மூடிவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். மேன்ஹோலுக்கு நாலடி முன்னால் கால் நின்றுவிட்டது. உள்ளே டார்ச் அடிக்கத் துணிச்சல் வரவில்லை. ஸ்பானரை எடுத்து இரும்பில் இரண்டு தட்டினேன்.

பதில் தட்டு வரவில்லை. ஒரு தலை வந்தது. வியர்வையில் குளித்த, மீசை வைத்த, மிகுந்த கோபத்தில் இருந்த தலை.

"எவன்யா காத்த நிறுத்தினது? ப்ளோவர் போனதுலேர்ந்து கன்னத் தொடல. இப்பதான் கழட்டின போல்ட்டெல்லாம் வரிசையா வச்சி முடிச்சி, ஒரு நிமிசம் மூஞ்சில காட்டிக்கலாம்னு கன்ன எடுத்தேன். அதுக்குள்ள நிறுத்திட்டீங்க."

அவருக்குப் பின்னால் இரண்டாவது தலை வந்தது. "மொதல்ல ப்ளோவர புடுங்கினீங்க. இப்ப காத்து. குடுத்த பொருள இப்டியா நைனா புடுங்கறது? உள்ள வெந்துகினு கீறோம். பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் இருவரும் வெளியே வந்து, என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, என்னையும் விம்கோ நகரையும் என் பரம்பரையையும் ஒன்று விடாமல் திட்டினார்கள். நல்ல பலமான குரல் இரண்டு பேருக்கும். மூச்சு வாங்கவே இல்லை.

"இன்னும் திட்டுங்க" என்றேன்.